எழுதிய ஆப்ஜெக்ட் திரும்ப வரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நிரலில் இருக்கும் ஆப்ஜெக்டை பைட்டுகளாக மாற்றி ஃபைலிலோ நெட்வொர்க்கிலோ போடுகிறோம், அது சீரியலைஸ் செய்வது; பிறகு அந்த பைட்டுகளை எடுத்து மறுபடி ஆப்ஜெக்ட் ஆக்குகிறோம், அது டீசீரியலைஸ். இந்த இரண்டாவது வேலையில்தான் ஆளுக்கு ஒரு எரரோடு மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஜாவாவில் முகவரிப் புத்தகம் எழுதினேன். முதல் தடவை சேமித்தது ஒழுங்காகத் திரும்ப வருகிறது. அடுத்த தடவை இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டுப் படித்தால், பழைய ஆட்கள் எல்லாம் வந்தபின் 'ஸ்ட்ரீம் கரப்டட் எக்ஸெப்ஷன், இன்வேலிட் டைப் கோட்: ஏசி' என்று விழுந்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபைலை அப்பெண்ட் முறையில், அதாவது பழையதன் கடைசியில் ஒட்டிச் சேர்க்கும்படி திறந்து, அதன்மேல் புதிதாக ஒரு ஆப்ஜெக்ட் அவுட்புட் ஸ்ட்ரீம் உருவாக்கியிருப்பீர்கள். அந்த ஸ்ட்ரீம் உருவானதுமே, நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டாலும், 4 பைட் ஹெடர் ஒன்றை எழுதிவிடும்: ஹெக்ஸா எனும் 16 அடிமான எண்முறையில் ஏசி, இடி, 00, 05. முதல் இரண்டு பைட் 'இது ஜாவா சீரியலைஸ் செய்த சரக்கு' என்பதற்கான அடையாளம், அடுத்த இரண்டும் பதிப்பு எண். இரண்டாம் தடவை அப்பெண்ட் செய்ததில் ஃபைலின் நடுவே இன்னொரு ஹெடர் விழுந்துவிட்டது. படிக்கிற பக்கம் ஹெடரைத் தொடக்கத்தில் மட்டும்தான் எதிர்பார்க்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் முன்னால் ஹெக்ஸாவில் 70 முதல் 7இ வரை உள்ள ஒரு டைப் கோடு வர வேண்டும். அந்த இடத்தில் ஏசி வந்து நின்றால் அது வேறென்ன சொல்லும்?

இதற்கு ஒரு குறுக்கு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரீம் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து, ஹெடர் எழுதும் மெத்தடை வெறுமையாக ஓவர்ரைடு செய்துவிடு என்பார்கள். எரர் போய்விடும், உண்மைதான். ஆனால் ஏற்கனவே எழுதிய ஒரு ஸ்ட்ரிங் மறுபடி வந்தால் ஜாவா அதைத் திரும்ப எழுதாது, 'முன்னால் வந்த இத்தனையாவது பொருள்' என்று ஒரு எண்ணை மட்டும் எழுதும். எழுதுகிற ஸ்ட்ரீம் புதிது என்பதால் அது முதலிலிருந்து எண்ணும், படிக்கிற ஸ்ட்ரீமோ ஃபைலின் ஆரம்பத்திலிருந்து விடாமல் எண்ணிக்கொண்டு வரும். விளைவு, இரண்டாம் தடவை சேர்த்த இருவருக்கும் 'நண்பர்கள்' என்று ஒரே ஸ்ட்ரிங்கைக் கொடுத்திருந்தால், இரண்டாமவர் பெயரோடு முதல் தடவை சேர்த்த யாரோ ஒருவருடைய தகவல் ஒட்டிக்கொண்டு வரலாம், எந்த எரரும் இல்லாமல். இதற்கு அந்த எக்ஸெப்ஷனே எவ்வளவோ மேல். ஓவர்ரைடு செய்தே ஆக வேண்டுமென்றால் ஃபைலில் ஏற்கனவே ஏதாவது இருக்கும்போது அந்த மெத்தடுக்குள் ரீசெட் அழையுங்கள், அப்போது படிக்கிற பக்கமும் எண்ணிக்கையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கும். முகவரிப் புத்தகம் அளவுக்கு அதெல்லாம் வேண்டாம். எல்லோரையும் ஒரு லிஸ்ட்டில் வைத்து, ஒவ்வொரு முறையும் முழு லிஸ்ட்டையும் ஒரே ஆப்ஜெக்ட்டாகப் புதிதாக எழுதிவிடுங்கள்.

லிஸ்ட்டாக எழுதினால் இன்னொரு தொல்லையும் ஒழியும். 'இஓஎஃப் (ஃபைல் முடிவு) எக்ஸெப்ஷன் வரும்வரை லூப்பில் படி, வந்தால் முடிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, நீங்கள் அனுப்பிய கோடில் பார்த்தேன். ஃபைல் நியாயமாக முடிந்தாலும் அதே எக்ஸெப்ஷன், ஒரு ஆப்ஜெக்ட்டின் பாதியில் அறுந்து போனாலும் அதே எக்ஸெப்ஷன். பாதி ஃபைலை முழு ஃபைல் என்று உங்கள் நிரல் நம்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஜாவா ஆப்ஜெக்ட் அனுப்புகிறோம். வந்து சேரும் இடத்தில் 'இன்வேலிட் ஸ்ட்ரீம் ஹெடர்: இஎஃப்பிஎஃப்பிடிஇஎஃப்'. நெட்வொர்க் ஆட்கள் எங்கள் பக்கம் தப்பில்லை என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதை நம்பலாம். இஎஃப், பிஎஃப், பிடி என்ற மூன்று பைட்டும் சேர்ந்தால், எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் 'இந்த எழுத்து எனக்குப் புரியவில்லை' என்று போடும் பதிலி எழுத்து, திரையில் கேள்விக்குறி வைத்த கறுப்பு வைரமாகத் தெரியுமே, அதுதான். யாரோ நடுவில் அந்த பைட்டுகளை ஸ்ட்ரிங்காக மாற்றி, மறுபடி பைட்டாக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஏசி என்ற பைட்டோடு யுடிஎஃப்-8ல் எந்த எழுத்தும் தொடங்காது, அதனால் அது பதிலியாகிவிட்டது. அடுத்து வந்த இடியும் அப்படியே. வெவ்வேறு பைட்டுகள் எல்லாம் ஒரே பதிலியாக மாறிவிட்டதால் இனி பழையபடி பிரிக்க முடியாது, வந்து சேர்ந்ததை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அனுப்பும் பக்கத்தில் பைட் அரேயாகவே அனுப்பச் சொல்லுங்கள். நடுவே டெக்ஸ்ட் மட்டும்தான் போகும் என்றால் பேஸ்64 ஆக்கி, அதாவது பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பட்டும்.

இந்த எரரில் எனக்குப் பிடித்த விஷயம், அது ஃபைலின் முதல் 4 பைட்டை அப்படியே காட்டிவிடும். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடுகிறது. 3சி68746டி என்றால் அது 'எச்டிஎம்எல்' டேக்கின் முதல் நான்கு எழுத்து. சர்வர் ஆப்ஜெக்டுக்குப் பதிலாக எரர் பக்கத்தை அனுப்பியிருக்கிறது, போய் ஸ்டேட்டஸ் கோடைப் பாருங்கள். 1எஃப்8பி என்று தொடங்கினால் அது ஜிஜிப்பால் சுருக்கிய டேட்டா, விரிக்க மறந்துவிட்டீர்கள். 724எஃப்3041 என்றால் பேஸ்64ஐ டீகோட் செய்யாமலே கொடுத்திருக்கிறீர்கள், ஏனென்றால் ஏசி இடி 00 என்ற மூன்று பைட்டும் பேஸ்64ல் அந்த நான்கு எழுத்தாகத்தான் வரும். நான்கும் 00 என்றால், இடம் ஒதுக்கப்பட்டு உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போய்ச் சேராத ஃபைலாக இருக்க வாய்ப்பு அதிகம். பைத்தான்காரர்களுக்கும் இதே கதைதான்: அங்கே சீரியலைஸ் செய்யும் மாட்யூலான பிக்கிள் 'இன்வேலிட் லோட் கீ' என்று சொல்லி ஒரு எழுத்தைக் காட்டும். அது சிறிய 'வி' ஆக இருந்தால், பெரிய மாடல் ஃபைலுக்குப் பதிலாக, பெரிய ஃபைல்களை வேறிடத்தில் வைக்கும் கிட் எல்எஃப்எஸ் வைத்துவிட்டுப் போன குட்டி டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்துகொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், அது 'வெர்ஷன்' என்ற சொல்லோடு தொடங்கும்.

சொந்தமாக ஃபைல் வடிவம் அமைப்பவர்கள் பிஎன்ஜி படத்தின் தொடக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதன் 8 பைட்டில் முதலாவது 89, ஏழு பிட் மட்டும் கடத்தும் வழியில் போனால் உடனே கெட்டுத் தெரியும். பின்னால் 0டி 0ஏ என்ற விண்டோஸ் வரிமுடிவும், கடைசியில் தனியாக ஒரு 0ஏவும் இருக்கின்றன, வழியில் யாராவது வரிமுடிவை மாற்றினால் அதுவும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஜாவா கிளாஸில் ஒரு ஃபீல்டு சேர்த்தேன். 'இன்வேலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன்' வருகிறது. பழைய ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை. ஃபைல் நலம், கிளாஸ்தான் மாறிவிட்டது. கிளாஸின் பதிப்பைக் குறிக்கும் எண்ணான சீரியல் வெர்ஷன் யுஐடியை நீங்கள் எழுதாததால் கம்பைல் ஆன கிளாஸை வைத்து ஜாவாவே ஒன்று கணக்கிட்டது, ஃபீல்டு சேர்த்ததும் அது வேறாகிவிட்டது. எரர் செய்தியிலேயே ஸ்ட்ரீமில் இருந்த பழைய எண் இருக்கும், அதை எடுத்து கிளாஸில் போடுங்கள். பழைய ஃபைலில் இல்லாத ஃபீல்டு 'நல்' (null, மதிப்பே இல்லை) என்றோ பூஜ்யமாகவோ வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: பைத்தானில் பிக்கிள் லோடு செய்யும்போது சில சமயம் 'ரேன் அவுட் ஆஃப் இன்புட்' வருகிறது. எந்தெந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்க வேண்டும்? இப்போதைக்கு எல்லாவற்றையும் பிடித்து, காலி டிக்ஷனரியைத் திருப்பிக் கொடுக்கிறேன், நிரல் நிற்காமல் ஓடுகிறது.

கடைசி வாக்கியம்தான் வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் அனுப்பிய கோடைக் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். பயனர் பல மாதம் சேர்த்து வைத்த செட்டிங்ஸ் ஃபைலில் ஏதோ ஒரு பைட் கெடுகிறது. லோடு தோற்கிறது, நீங்கள் சத்தமில்லாமல் காலி டிக்ஷனரி கொடுக்கிறீர்கள், திரை வெறுமையாகத் திறக்கிறது. பயனர் குழம்பிப்போய் நிரலை மூடுகிறார். மூடும்போது தானாகச் சேமிக்கும் வசதி வைத்திருக்கிறீர்களே, அது அந்தக் காலி டிக்ஷனரியை அதே ஃபைலின்மேல் எழுதுகிறது. ஒரு பைட் கெட்ட ஃபைலிலிருந்து யாராவது பொறுமைசாலி பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். இப்போது மீட்க ஒன்றுமே இல்லை. டேட்டாவை அழித்தது கெட்டுப்போன பைட் அல்ல, உங்கள் எக்ஸெப்ட் பிளாக்.

எதைப் பிடிப்பது என்பதற்கு வருகிறேன். அன்பிக்கிளிங் எரர் மட்டும் போதாது. கெட்ட டேட்டாவில் ஆட்ரிபியூட் எரர், இஓஎஃப் எரர், இம்போர்ட் எரர், இண்டெக்ஸ் எரர் எல்லாம் வரலாம், இவையோடு நிற்கும் என்று சொல்லிவிடவும் முடியாது என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது. அதனால் இந்த ஓர் இடத்தில் பொதுவாக 'எக்ஸெப்ஷன்' என்று அகலமாகப் பிடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ட்ரை பிளாக்குக்குள் லோடு செய்யும் அந்த ஒரே வரிதான் இருக்க வேண்டும். ஃபைலைத் திறப்பது வெளியே. ஃபைலே இல்லை என்றால் அது முதல் தடவை ஓடும் நிரல், காலி டிக்ஷனரி கொடுப்பது நியாயம். ஃபைல் இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை என்றால் அது வேறு பிரச்சினை, அதைப் பயனருக்குச் சொல்லிவிட்டு நில்லுங்கள். ஃபைல் இருக்கிறது, திறக்கிறது, ஆனால் புரியவில்லை என்றால் மட்டும்தான் 'கெட்டுவிட்டது' என்ற கணக்கு. இந்த மூன்றையும் ஒரே எக்ஸெப்ட்டில் போட்டு அமுக்குவதில்தான் எல்லா வினையும் தொடங்குகிறது.

கெட்டது என்று தெரிந்தால் அந்த ஃபைலின் பெயரை மாற்றி ஓரமாக வையுங்கள், பெயரின் கடைசியில் 'கரப்ட்' என்றும் தேதியும் சேர்த்தால் போதும், அழிக்கவே கூடாது. லாகில் ஃபைலின் முழுப் பாதை, அளவு, முதல் 16 பைட், எக்ஸெப்ஷன் செய்தி நான்கையும் எழுதுங்கள். வெறுமே 'எரர்' என்று எழுதிய லாகை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. முந்தைய பேக்கப் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். அதைத் திறந்தீர்கள் என்பதைப் பயனருக்குச் சொல்லுங்கள், நேற்றைய டேட்டாவை இன்றையது என்று நினைத்து அவர் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது.

சரி, 'ரேன் அவுட் ஆஃப் இன்புட்' ஏன் வந்தது? பெரும்பாலும் ஃபைல் பூஜ்ய பைட். 'டபிள்யூபி' (பைட்டுகளாக எழுதும்) முறையில் திறந்த கணமே பழைய உள்ளடக்கம் போய்விடும், டம்ப், அதாவது பிக்கிள் எழுதுவது, பிறகுதான் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனாலும், யாராவது நிரலைக் கொன்றாலும், டிக்ஷனரிக்குள் பிக்கிள் ஆகாத லாம்டா ஒன்று ஒளிந்திருந்து டம்ப் பாதியில் தோற்றாலும், பழையதும் இல்லை புதியதும் இல்லை. இதற்கு மருந்து எழுதும் பக்கத்தில்தான் இருக்கிறது. அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், ஃப்ளஷ் செய்யுங்கள், உள்ளடக்கத்தை டிஸ்க்குக்கே அனுப்பிவிடும் ஓஎஸ் மாட்யூலின் எஃப்சிங்க் அழையுங்கள், அப்புறம் ஓஎஸ் ரீப்ளேஸ் கொண்டு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸ் போன்ற சிஸ்டங்களில் அந்தப் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும், படிப்பவருக்கு முழுப் பழையது அல்லது முழுப் புதியது இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எஃப்சிங்க்கை விட்டுவிடாதீர்கள், 2009ல் லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் பரவத் தொடங்கியபோது, கிராஷுக்குப் பிறகு பலருடைய செட்டிங்ஸ் ஃபைல்கள் பூஜ்ய பைட்டாகக் கிடந்து பெரிய வாக்குவாதமே நடந்தது, அதற்குக் காரணம் இந்த ஒரு வரி இல்லாத நிரல்கள்தான் என்று ஒரு தரப்பும், ஃபைல் சிஸ்டம்தான் என்று இன்னொரு தரப்பும். கடைசியில் கெர்னலிலும் ஒரு சலுகை சேர்த்தார்கள். நீங்கள் அந்தச் சலுகையை நம்பி எழுத வேண்டாம்.

கேள்வி: ஒரே ஃபைலில் பல்லாயிரம் ஆப்ஜெக்ட். நடுவில் ஒன்று கெட்டுவிட்டது. அதை மட்டும் கேட்ச்சில் பிடித்துத் தாண்டிவிட்டு, அடுத்ததிலிருந்து படிக்க முடியாதா?

ஜாவா ஸ்ட்ரீமில் முடியாது. ரீட் ஆப்ஜெக்ட் வீசும் எக்ஸெப்ஷன் எதுவானாலும் ஸ்ட்ரீம் அதோடு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது என ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆப்ஜெக்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் கெட்டுப்போனதன் நீளம் தெரிய வேண்டும், அதுவோ கெட்டுப்போனதற்குள்ளேதான் இருக்கிறது. கேட்ச்சுக்குள் கண்டின்யூ போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு முடிவில்லாத லூப்போ, அர்த்தமில்லாத எக்ஸெப்ஷன் மழையோதான் கிடைக்கும்.

தாண்டும் வசதி வேண்டுமானால் எழுதும்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் தனியாக ஒரு பைட் அரேக்குள் சீரியலைஸ் செய்து, ஃபைலில் முதலில் அதன் நீளம் 4 பைட், அடுத்து சிஆர்சி32 (அந்த பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) 4 பைட், பிறகு அந்த பைட்டுகள் என்று எழுதுங்கள். படிக்கும்போது நீளத்தைப் பார்த்து அத்தனை பைட் எடுத்து, சிஆர்சி பொருந்துகிறதா என்று பார்த்தபின்தான் ரீட் ஆப்ஜெக்டிடம் கொடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நீளமே கெட்டுப்போனால்? அதற்காகத்தான் நீளத்துக்கு ஒரு மேல் வரம்பு வைத்து முதலில் அதைச் சோதிப்பது. இன்னும் பத்திரம் வேண்டுவோர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அடையாள பைட் வரிசையும் போட்டு, தொலைந்தால் அடுத்த அடையாளத்தைத் தேடிப் போவார்கள். இவ்வளவையும் நீங்களே கட்டுவதைவிட எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஒரு ஆப்ஜெக்டுக்கு ஒரு வரிசை என்று போடுவது சுலபம், பாதியில் அறுந்த எழுத்தையெல்லாம் அது தானே சமாளித்துக்கொள்ளும்.

கேள்வி: பிஎச்பி தளம். டேட்டாபேஸில் ஹெச்டிடிபி என்றிருந்த முகவரிகளை ஹெச்டிடிபிஎஸ் என்று ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்தேன். பாதி செட்டிங்ஸ் காணவில்லை.

பிஎச்பி ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி வைக்கும். முகவரியில் ஒரு எழுத்து கூடியது, நீளம் பழையதாகவே இருக்கிறது, அன்சீரியலைஸ் கைவிட்டுவிட்டது. அந்த நீளம் பைட் கணக்கு என்பதால் தமிழில் கையால் திருத்துபவர்கள் இன்னும் மோசமாக மாட்டுவார்கள்: 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யுடிஎஃப்-8ல் 15 பைட். பேக்கப்பை மீட்டுவிட்டு, சீரியலைஸ் ஆன டேட்டாவைப் புரிந்துகொண்டு மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள், வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ். அப்புறம், அன்சீரியலைஸ் தோற்றால் 'ஃபால்ஸ்' தான் திரும்பி வரும், உண்மையாகவே ஃபால்ஸ் சேமித்திருந்தாலும் அதேதான் வரும். வெறுமே ஃபால்ஸா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: எல்லாவற்றையும் கேட்ச் எக்ஸெப்ஷனில் சுற்றி வைத்திருக்கிறோம், சிஆர்சியும் உண்டு. வெளியிலிருந்து வரும் ஃபைலைத் தைரியமாகப் படிக்கலாமா?

கூடாது. முதல் ஓட்டை: கெட்ட டேட்டாவில் அரே நீளம் 200 கோடி என்று இருந்தால் ஜாவா அவ்வளவு இடம் கேட்கப் பார்க்கும், வருவது அவுட் ஆஃப் மெமரி எரர். அது எக்ஸெப்ஷன் குடும்பமே இல்லை, உங்கள் கேட்ச் வழியாக நழுவிப் போய்விடும். ஜாவா 9ல் வந்த டீசீரியலைசேஷன் ஃபில்டரில் அரே அளவு, ஆழம், மொத்த பைட், எந்தெந்த கிளாஸ் அனுமதி என்று எல்லாவற்றுக்கும் வரம்பு வைக்கலாம், வையுங்கள்.

இரண்டாவது ஓட்டை பெரிது. சிஆர்சி தற்செயலாகக் கெட்டதைத்தான் பிடிக்கும். வேண்டுமென்றே மாற்றுபவர் சிஆர்சியையும் கணக்கிட்டுப் போட்டுவிடுவார். கெட்ட எண்ணத்தோடு தயாரித்த ஃபைல் எரரே கொடுக்காது, அழகாகப் படிக்கப்படும், படிக்கப்படும்போதே அவருடைய கட்டளை உங்கள் சர்வரில் ஓடிவிடும். 2015ல் அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் என்ற, எங்கும் இருக்கும் லைப்ரரியில் உள்ள கிளாஸ்களைக் கோத்தே இதைச் செய்து காட்டினார்கள். பிக்கிளின் ஆவணத்தில் நம்பாத டேட்டாவை ஒருபோதும் திறக்காதே என்று சிவப்புப் பெட்டி போட்டிருக்கிறது. டாட்நெட்டில் இதே வேலை செய்த பைனரி ஃபார்மேட்டரை 2024ல் வந்த 9ஆம் பதிப்பில் எடுத்தே விட்டார்கள். உங்கள் ஃபைல் உங்கள் நிரல்களுக்குள் மட்டும் சுற்றுகிறது என்றால் ரகசியச் சாவியோடு எச்மேக் (சாவி தெரியாதவர் போட முடியாத சரிபார்ப்பு முத்திரை) போட்டு, அது சரிதானா என்று டீசீரியலைஸ் செய்யும் முன் பாருங்கள். பிறகு பார்ப்பதில் பிரயோஜனமில்லை. முகம் தெரியாதவர்களிடமிருந்து வருகிறது என்றால் இந்த வடிவங்களே வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் டேட்டாவை டெக்ஸ்ட்டாக எழுதும் ஜேசான் வடிவத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா?

கட்டளை ஓடும் ஆபத்து பெரும்பாலும் போய்விடும், ஃபைலைக் கண்ணால் பார்க்க முடியும், பாதியில் அறுந்தால் மூடும் அடைப்பு இல்லாமல் பார்சர் கத்தும். ஆனால் 1200 என்ற எண்ணில் ஒரு பிட் மாறி 1300 ஆனால் எந்தப் பார்சரும் வாயைத் திறக்காது, அதனால் சிஆர்சி போன்ற செக்சம் இங்கேயும் வேண்டும், தற்காலிக ஃபைல் எழுதிப் பெயர் மாற்றும் வேலையும் இங்கேயும் வேண்டும். மாறுவதென்று முடிவெடுத்தால், பழைய வடிவத்தைப் படிக்கும் கோடை ஓரிரு வெளியீடுகளுக்காவது விட்டு வையுங்கள். பழையதைப் படித்து, புதியதை எழுதி, எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பழைய ஃபைலை அழிக்கலாம்.